பீகிள்போன் பிளாக்: «ஸ்டார்ட்டிங் கர்னல்» வரிக்குப் பின் திரை மௌனமாவது குறித்து

வணக்கம். பீகிள்போன் பிளாக் என்ற சிறு ஒற்றைப்பலகைக் கணினியில், நீங்களே தொகுத்த லினக்ஸ் 6.6 கர்னலை (இயங்குதளத்தின் மைய நிரல்) யூ-பூட் (கர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல்) ஏற்றி, «ஸ்டார்ட்டிங் கர்னல்» என்று காட்டியபின் ஓர் எழுத்தும் வரவில்லை என்றும், பலகை பழுதோ என்றும் கேட்டிருந்தீர்கள். பலகை பழுதில்லை; யூ-பூட்டின் எழுத்துகள் தெளிவாக வருவதால் ஜே1 முனையில் மாட்டிய சீரியல் கேபிளும் 115200 வேகமும் சரியாகவே உள்ளன.

நீங்கள் இட்டிருந்த பூட்ஆர்க்ஸ் வரியில் (யூ-பூட் கர்னலுக்குத் தரும் அமைப்புகள்) கன்சோல், அதாவது செய்திகள் வெளிவரும் முனையத்தின் பெயர் டிடிஒய்ஓ0 என்றிருக்கிறது. அது பழைய ஓமேப் சீரியல் இயக்கி வைத்த பெயர். அதற்குப் பதிலாக வந்த 8250 இயக்கியில் அதே முனையம் டிடிஒய்எஸ்0 ஆகிவிடும். பழைய பெயரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு தேர்வு கர்னல் கட்டமைப்பில் உண்டு என்றாலும், அது அணைந்திருந்தால், கர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆகவே முதலில் பெயரை மாற்றி, கூடவே அதே வரியில் எர்லிகான் என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். உண்மையான இயக்கி எழுவதற்கு முன்பே செய்திகள் வரத் தொடங்கும்.

அப்போதும் மௌனமென்றால் டிவைஸ் ட்ரீயைச் (பலகையின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) சந்தேகியுங்கள். கர்னல் 6.5 முதல் ஆர்ம் செயலிகளுக்கான டிடிஎஸ் கோப்புகள் (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்புகள்) நிறுவனவாரியான துணை அடைவுகளுக்கு மாறிவிட்டதால், பழைய இடத்திலிருந்து நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் முந்தைய கர்னலின் கோப்பையே எஸ்டி அட்டையில் விட்டுவைத்திருக்கக்கூடும். கர்னலைத் தொடங்கும் யூ-பூட்டின் பூட்இசட் கட்டளையில் இனிட்ஆர்டி (தொடக்கத்துக்கான தற்காலிகக் கோப்பு அமைப்பு) இல்லையெனில் நடுவில் சிறுகோடு கட்டாயம். அதை விட்டால் டிவைஸ் ட்ரீ முகவரியே இனிட்ஆர்டியாக எடுத்துக்கொள்ளப்படும். மாற்றியபின் வரும் முதல் இருபது வரிகளை இங்கே இடுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.