பாதை வரைபடத்தில் எந்தப் பகுதி இயங்குகிறது என்று அறிவது எப்படி?

மரபணு வெளிப்பாட்டுத் தரவு (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்ற அளவீடு) கையில் இருக்கிறது, பாதை வரைபடமும் (செல்லுக்குள் எந்த மரபணுவும் புரதமும் எதோடு இணைந்திருக்கிறது என்ற படம்) இருக்கிறது. இயங்கும் பகுதியை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராயபுரத்தின் சாலைப்படம் எந்நேரமும் ஒன்றுதான். விடிகாலையிலோ காசிமேட்டுப் பக்கத் தெருக்களில் மட்டும் ஐஸ் வண்டியும் மீன்கூடையும் நெரியும். ஒரு தெருவில் ஒற்றை வண்டி நிற்பது பொருட்டல்ல. அடுத்தடுத்த தெருக்கள் சேர்ந்து நெரிந்தால்தான் சந்தை கூடியிருக்கிறது.

2002-இல் ஐடெக்கர் என்ற ஆய்வாளரின் குழு மரபணு வலையில் செய்ததும் இதுதான். ஒவ்வொரு மரபணுவின் பி-மதிப்பையும் (வெறும் தற்செயலிலேயே இவ்வளவு மாற்றம் தெரிவதற்கான வாய்ப்பு) இசட்-மதிப்பாக (வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) மாற்றி, ஒன்றோடொன்று இணைந்தவற்றைக் கூட்டி, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தார்கள். பிறகு, அதே அளவில் குருட்டாம்போக்காகப் பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பீடு. பலர் தவறுவது இந்தப் படியில்தான். பெரிய வலையில் ஏதாவது ஒரு கொத்து தற்செயலாகவே மின்னும்.

இன்னொன்று: வெளிப்பாட்டுத் தரவு அளப்பது ஆர்என்ஏ எனும் மரபணு நகலை; அதன் அளவு மாறாமலே புரதம், பாஸ்பேட் என்ற வேதிக்குழு ஏறி இயங்கலாம். அதைக் காண, புரதத்தின் பாஸ்பேட் நிலையை அளந்த தரவு வேண்டும்.