மைக்ரோவேவில் வெந்நீர் வைக்கலாமா?

கேள்வி: மைக்ரோவேவில் கண்ணாடித் தம்ளரில் சூடாக்கிய தண்ணீர், கொதிக்காமல் அசைவற்றிருந்தும், சுக்குப் பொடி போட்டவுடன் பொங்கிக் கையில் தெறித்துவிட்டது. ஏன்? அத்தண்ணீரில் கதிர்வீச்சு தங்குமா?
– வாசகி, தக்கலை.

பதில்: கதிர்வீச்சு தங்காது; கருவி நின்றதும் நுண்ணலையும் நின்றுவிடும். அஞ்ச வேண்டியது சூட்டைத்தான். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் குமிழிகள் கிளம்புவதால், தண்ணீர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடுகிறது. வழவழப்பான கண்ணாடியிலோ குமிழி உருவாக ஒரு கீறல்கூட இல்லாதபோது, தண்ணீர் சலனமின்றியே அந்த அளவைத் தாண்டிச் சூடேறி, பொடியோ கரண்டியோ பட்டவுடன் ஒரேயடியாகப் பொங்குகிறது. ஒருமுறை காய்ந்து ஆறிய நீரில் கரைந்திருந்த காற்று குறைந்துவிடுவதால், அதை மறுபடி வைப்பது இன்னும் ஆபத்தானது. மரக்கரண்டி ஒன்றை உள்ளே போட்டே சூடாக்குங்கள். நின்றபின் அரை நிமிடமாவது பொறுத்து எடுங்கள். வெந்நீர் பட்ட இடத்தில் பற்பசை தடவாமல், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள்.