வாங்கும் முன் ஒரு வார்த்தை: ஜெர்மனியின் கேக்கும் இனிப்பும்

கேள்வி: டிசம்பரில் டிரெஸ்டன் போகிறோம். ஸ்டோலன் என்கிற உலர்பழக் கிறிஸ்துமஸ் கேக் விலை கடைக்குக் கடை மாறுகிறதாமே, எது அசல்? (மதுரை)

டிரெஸ்டன் ஸ்டோலனுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊரிலும் அதைச் சுற்றியும் சுட்டதைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். பொன்னிற நீள்வட்ட முத்திரையைத் தேடுங்கள். குதிரை மேல் ஒரு ராஜா இருப்பார். அதற்காக மற்ற ஊர்க்காரர்கள் சுடுவதெல்லாம் போலி ஆகிவிடாது. வெறும் ஸ்டோலன் என்றால் 10 கிலோ மாவுக்கு 3 கிலோ வெண்ணெய், அல்லது அதற்கு ஈடான வேறு கொழுப்பு போதும். பட்டர்ஸ்டோலன் என்றால் 4 கிலோ வெண்ணெயும் 7 கிலோ உலர்பழமும் இருந்தாக வேண்டும். முத்திரைக்குக் கொடுக்க மனம் வராவிட்டால் பட்டர்ஸ்டோலன் வாங்குங்கள்.

கேள்வி: கடையில் “ஸானே?” என்று கேட்டார்கள். சரி என்றேன். பில்லில் தனிக் காசு போட்டுவிட்டார்கள். (கோவை)

அடித்த க்ரீம் தனி விலை. தலையாட்டினீர்கள், கொடுங்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பையனுக்கு ப்ளாக் ஃபாரஸ்ட் கேக் வாங்கினேன். சாராய வாடை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். (திருச்சி)

கிர்ஷ்வாசர் என்ற செர்ரிச் சாராயம் நாக்கில் தெரிந்தால்தான் அங்கே அது ப்ளாக் ஃபாரஸ்ட் கேக். கடைக்காரர் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்கவில்லை. நம் ஊர் பேக்கரியை நினைத்துக்கொண்டு அங்கே ஆர்டர் கொடுத்தால் இப்படித்தான்.

கேள்வி: முட்டை சாப்பிடுவேன், மாமிசம் இல்லை. கேக்கில் கவலைப்பட என்ன இருக்கிறது? (சேலம்)

ஜெலட்டின். க்ரீம் அடுக்கிய டோர்ட்டெ வகைகளில் அடிக்கடி சேர்ப்பார்கள், பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. உதிரியாக விற்கும் கேக்குக்கு ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் முட்டை உண்டு, கொட்டைகள் உண்டு, ஜெலட்டின் கிடையாது. எனவே வாய் திறந்து கேளுங்கள். ஜாம் வைத்துப் பொரிக்கும் பெர்லினரைச் சில இடங்களில் இன்னும் பன்றிக்கொழுப்பில் பொரிக்கிறார்கள், அதையும் கேளுங்கள். ஸ்வெட்ஷ்கன்கூகன் என்கிற ப்ளம் கேக்கில் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: நூரன்பெர்க் லேப்கூகன் என்கிற மசாலா பிஸ்கட் தகர டப்பாவில் அழகாக இருக்கிறது. பரிசுக்கு வாங்கலாமா? (சென்னை)

இதற்காகத்தான் காத்திருந்தேன். டப்பாவைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கும்வரை டப்பாதான் நன்றாக இருக்கும். நானும் ஒரு விமான நிலையத்தில் பாட்டுப் பாடும் டப்பா வாங்கினேன். உள்ளே மாவு மாவாக ஏதோ, மேலே சாக்லேட் மாதிரி ஒரு கொழுப்புப் பூச்சு. எலீசன் லேப்கூகன் என்று எழுதியிருந்தால் கதை வேறு: பாதாம், ஹேசல்நட், வால்நட் இவை குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடையின் அலமாரிச் சீட்டில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கிலோ விலை போட்டிருக்கும். சட்டப்படி போட்டாக வேண்டும். அதை ஒப்பிட்டால் டப்பாவுக்கு எவ்வளவு அழுகிறோம் என்று தெரிந்துவிடும். நூரன்பெர்க்கில் ஆலைக் கடைகளில் உடைசல் லேப்கூகன் மலிவாகக் கிடைக்கும். வாய்க்குள் போனால் எல்லாம் உடைசல்தானே.

கேள்வி: ரோதன்புர்க்கில் ஷ்னேபால் என்கிற பொரித்த மாவு உருண்டை அவசியம் சாப்பிட வேண்டுமா? (ஈரோடு)

நாலு பேருக்கு ஒன்று. பெட்டி நிறைய வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவன் சொல்கிறேன்.

கேள்வி: சந்தையில் மார்சிபான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஹோட்டலில் பெட்டியைத் திருப்பினால் பெர்சிபான் என்று இருக்கிறது. நான் ஏமாளியா? (புதுச்சேரி)

இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மார்சிபான் என்பது பாதாம் அரைத்த இனிப்பு. பாதாமுக்குப் பதில் ஆப்ரிகாட், பீச் கொட்டைப் பருப்பை அரைத்தால் அது பெர்சிபான். சாப்பிடக் கெடுதல் இல்லை, மலிவு. ஆனால் அதை மார்சிபான் என்று விற்க உரிமை இல்லை. பெட்டியை எறியாதீர்கள், பில்லையும் வைத்திருங்கள். நாளைக்கும் அங்கே இருப்பீர்களானால் காலையிலேயே போய்ப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் அந்த ஊர் உணவுக் கண்காணிப்புத் துறைக்கு, பெட்டியின் படத்தோடு, எழுதிப் போடுங்கள்.