எக்செல் விழுங்கிய 21

கேள்வி: மண்ணடியில் கன்டெய்னர் சரக்குகளைக் கையாளும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். 111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321 வரும் என்று ஒன்பதாவது படிக்கும் என் பெண் சொன்னாள். ஆபீஸ் எக்செலில் போட்டால் கடைசியில் 321-க்குப் பதில் 300 என்று காட்டுகிறது. யார் சொல்வது சரி?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் பெண் சொன்னதுதான் சரி. ஒரு பேப்பரில் பழைய முறைப்படி பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் அதே 111111111தான், ஆனால் ஒவ்வொரு இடமாக இடப்பக்கம் தள்ளித் தள்ளி, படிக்கட்டு மாதிரி ஒன்பது வரி வரும். கூட்டும்போது வலது ஓரத்தில் ஒரே ஒரு 1, அதற்கடுத்து இரண்டு, இப்படியே ஏறி நடுவில் ஒன்பது, அப்புறம் இறங்கி இடது ஓரத்தில் மறுபடி ஒன்று. எங்கேயும் 9-ஐத் தாண்டாததால் கையில் ஒன்று வைத்துக்கொள்ளும் வேலையே இல்லை. ஒரு 1 கூடுதலாகச் சேர்த்துப் பெருக்கினால் நடுவில் 10 வந்துவிடும், விடை 1234567900987654321. விகடகவி அழகு போச்சு!

எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும், உங்கள் எண்ணுக்கு 17. போதாததற்கு, அது கணக்கை உள்ளே வைத்துக்கொள்ளும் முறையில் 9007199254740992-க்கு மேல் ஒற்றைப்படை எண் எதையும் அப்படியே வைக்க முடியாது, நம்ம ஆளோ 1-ல் முடிகிற ஒற்றைப்படை. விளையாட்டுக்கு இது பரவாயில்லை, ஆனால் 16 இலக்க ஏடிஎம் கார்டு எண்ணை அடித்தாலும் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும், ஆகவே அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். உங்கள் கன்டெய்னர் நம்பர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, முன்னால் நாலு எழுத்து இருக்கிறதே.

இந்த எண்ணில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இலக்கங்களை எல்லாம் கூட்டுங்கள், 81. அந்த 81-ஆல் இதையே பெருக்கினால் 999999998000000001, அதாவது 999999999-இன் வர்க்கம். மந்திரமெல்லாம் இல்லை: 81 என்பது 9-இன் வர்க்கம், 111111111-ஐ ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது 9. உங்கள் பெண்ணிடம் காரணம் கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். 111111111-ஐ உடைத்தால் 3 × 3 × 37 × 333667. இதில் கடைசி இரண்டையும் பெருக்கினால் 12345679, நடுவில் 8 மட்டும் ஆப்சென்ட்.

கேள்வி: எங்கள் ஏரியா பின்கோடு 600013 பகா எண்ணா? நானும் 2, 3, 7, 11 என்று வகுத்துப் பார்த்துவிட்டேன், மீதியில்லாமல் போகவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, ராயபுரம்

பதில்: கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். 47 வரை எதற்கும் மசியாது, 53-இல் மாட்டிக்கொள்ளும்: 53 × 11321. அந்த இரண்டுமே பகா எண்கள், அதனால் அதற்கு மேல் உடைக்க முடியாது. பக்கத்தில் பழைய வண்ணாரப்பேட்டை 600021 இவ்வளவு பிகு பண்ணாது, இலக்கங்களைக் கூட்டினால் 9, பிறகு 27 × 71 × 313 என்று பிரிந்துவிடும். முதல் கேள்வி கேட்டவரின் தண்டையார்பேட்டை 600081-உம் பகா எண் இல்லை, கூட்டுத்தொகை 15, மூன்றிலேயே காலி.