படுத்த பிறகு வரும் மனுக்கள்

ஐயா, வணக்கம்.

நான் திருநகரில் இருக்கிறேன். பத்தாம் வகுப்பு ஆசிரியை, வயது நாற்பத்து நான்கு. பகல் முழுக்க நன்றாகத்தான் இருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குத் தலையணையில் தலை வைத்ததும் மனசு ஓட ஆரம்பித்துவிடுகிறது. திருத்தாத விடைத்தாள், மகளின் நீட், மாமியாரின் கண் ஆபரேஷன், வீட்டுக் கடன், போன வாரம் தலைமையாசிரியை சொன்ன ஒரு சொல் என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. எதையும் நினைக்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடினால் இன்னும் அதிகமாகிறது. சூடான பால், கசகசா, நூற்றெட்டு முறை நாமம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. மணி பார்த்தால் ஒன்றரை. என் கணவரோ படுத்த மறுநிமிஷம் குறட்டை. அது நடுநடுவே சட்டென்று நின்றுபோகும்; அந்தக் கொஞ்ச நேர அமைதிதான் எனக்குக் கிடைக்கும் வரம்! தியானம் பழகலாமா? எது நல்லது? மாத்திரை போடலாமா? தூங்கா நகரத்தில் பிறந்துவிட்டுத் தூக்கம் கேட்பதே தப்போ?

வி., திருநகர்

அன்புள்ள வி.,

தூங்கா நகரத்தை முதலில் ஓரமாக வைப்போம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியுமுன்னே மல்லிகை மூட்டை இறக்குகிறவரும், நடுராத்திரி பரோட்டாக் கல்லின் முன்னால் நிற்கிறவரும் தூக்கம் வராமல் விழித்திருக்கவில்லை. வேலை இருக்கிறது, விழித்திருக்கிறார்கள். பகலில் ஒரு சாக்கின் மேல் சாய்ந்தால்கூட அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவார்கள். பஞ்சு மெத்தையில் புரளும் உங்களுக்கும் ஊரின் பெயருக்கும் சம்பந்தமில்லை.

பால், கசகசா பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிடித்தால் குடியுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ குடிக்கிறவர் என்றால் அதை நிறுத்துங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். தியானத்துக்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு இடத்தில். 'எதையும் நினைக்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடினால்' என்கிறீர்கள். யார் சொல்லிக் கொடுத்தது இதை? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லிவிட்டுப் போன வைத்தியன் கதை நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் நீங்களே சொல்லியிருப்பீர்கள். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே 1987-இல் சோதனையாகச் செய்து வெளியிட்டார். மாணவர்களைத் தனியே உட்கார வைத்து, ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம், இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். அடக்கி வைத்தது வட்டியோடு வந்தது. மனதை வெறுமையாக்குங்கள் என்று யூடியூபில் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களுக்கு நம்மூர் வைத்தியன் பட்ட பாடு தெரியாது போலிருக்கிறது.

சரி, அந்த நினைப்புகள் ஏன் பதினொரு மணிக்கு வருகின்றன? வேறு எப்போது வரும்? காலை ஐந்தரைக்கு எழுந்தால் அடுப்பு, டிபன் பாக்ஸ், பஸ், பள்ளி, மறுபடி அடுப்பு. நாளில் உங்களை யாரும் கூப்பிடாத முதல் பத்து நிமிஷம் படுக்கையில்தான் கிடைக்கிறது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தை ரத்து செய்துவிட்டால் மனுக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர் வீட்டுக்குப் போகும் கார் முன்னால் நிற்பார்கள். உங்கள் கவலைகள் செய்வதும் அதுதான். அவற்றை விரட்ட வழி கேட்கிறீர்கள். நான் சொல்வது, மனு வாங்குங்கள். ஆனால் படுத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. ராத்திரி அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் தும்மல் ஆரம்பிக்கும்; சட்டையெல்லாம் மிளகாய் நெடி. அம்மா முதலில் அவரைக் கொல்லைக்கு விரட்டுவாள். குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மண்டியில் கழித்துப்போட்ட துண்டுச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுவார். மண்டிக் கணக்கை மண்டியிலேயே முடித்துவிட்டுத்தான் வருவார், இது வேறு. அப்படி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறேன். 'விருதுநகர் லாரி, காலை. எண்ணெய்க் கடை பாக்கி, பாதியாவது. மூத்தவளுக்குப் பரீட்சைப் பணம். அம்மாவுக்குத் தைலம். மச்சினனிடம் பேசணும்.' எழுதிச் சட்டைப்பையில் சொருகிவிட்டுப் படுப்பார். சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து ஒருக்களித்தால் தூக்கம்தான்.

அவர் சாந்தமான மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் அவரிடம் பென்சிலைத் தொலைத்தேன் என்று சொல்லவே பயப்படுவோம். கடன் இருந்தது, கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்தார்கள். அந்த 'மச்சினனிடம் பேசணும்' என்ற வரி மாதக்கணக்கில் சீட்டுக்குச் சீட்டு வந்துகொண்டே இருந்தது, ஒரு பாகத் தகராறு. பேசவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் எழுதினார். எழுதியதால் தகராறு தீரவில்லை, தூக்கம் மட்டும் கெடவில்லை.

இதைச் சொன்னால், அந்தக் காலத்து மனுஷர்களே வேறு என்று பெருமூச்சு விடுவீர்கள். அதனால் இந்தக் காலத்துக் கணக்கும் சொல்கிறேன். டெக்சாஸில் பெய்லர் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வுக்கூடத்தில் 57 இளைஞர்களைப் படுக்க வைத்துச் சோதித்தார்கள், 2018-இல் வெளிவந்தது. படுக்கப் போகுமுன் ஐந்து நிமிஷம் எழுத வேண்டும். பாதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே செய்து முடித்ததை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகவே தூங்கினார்கள். தலையில் மின்முனை ஒட்டி அளந்த கணக்கு, அவர்களாகச் சொன்னது இல்லை. அதிலும் விவரமாக, நிறைய எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். முடித்ததை எழுதியவர்களில் நிறைய எழுதியவர்களுக்கோ தூக்கம் தள்ளித்தான் போனது.

இங்கேதான் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். மாமியாரின் கண் ஆபரேஷன். அவர் யாருடைய அம்மா? வீட்டுக் கடன் யார் பெயரில்? மகள் ஒருத்தருக்கு மட்டுமா பிறந்தாள்? எல்லாவற்றையும் ஒற்றைத் தலையில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஒருத்தர் தூங்குகிறாரே என்று பொறாமைப்படுகிறீர்கள். அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன மிச்சம் வைத்தீர்கள், தூங்காமல் இருப்பதற்கு? 'அவர்கிட்ட சொன்னா மறந்துடுவார், நானே பாத்துக்கறேன்' என்பீர்கள். அந்தப் பெருமைக்குத்தான் தினமும் ஒன்றரை மணி வரை விலை கொடுக்கிறீர்கள். எழுதிய சீட்டில் மூன்று வரியைக் கிழித்து அவர் சட்டைப்பையில் வையுங்கள். மறப்பார். மறந்து ஒருதடவை ஆஸ்பத்திரி டோக்கன் கிடைக்காமல் போய், அம்மாவிடம் அவரே வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். நடுவில் போய் நின்று காப்பாற்றாதீர்கள்.

தலைமையாசிரியை சொன்ன சொல் இந்தப் பட்டியலில் அடங்காது, எனக்கும் தெரியும். மகளுக்கு இடம் கிடைக்காவிட்டால் என்ற பயமும் அப்படித்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லாத கவலைகள் அவை. அதற்குத் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1983-இல் ஒரு வழி எழுதினார்கள்: தினமும் அரைமணி நேரம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கவலைப்படுவதற்கென்றே உட்காருங்கள், மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த நேரத்துக்கு வா என்று தள்ளிப்போடுங்கள். மாலையில் மாடிப்படியிலோ, துணி மடிக்கிற நாற்காலியிலோ உட்கார்ந்து, முழு மனதோடு கவலைப்படுங்கள். தலைமையாசிரியைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை அங்கே சத்தமாகச் சொல்லுங்கள். படுக்கையறை மட்டும் கூடாது.

அப்படியும் தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள், எழுந்து போய்விடுங்கள். ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்த முறை இது; தூக்க மருத்துவம் இன்றைக்கும் இதை விடவில்லை. கால்மணி, இருபது நிமிஷம் ஆன மாதிரி தோன்றினால் வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். காலையில் எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று பார்க்காமல் அதே நேரத்துக்கு எழ வேண்டும். தினமும் ஒன்றரை மணி வரை விழித்துக் கிடந்தால், மெத்தையைக் கண்டதும் விழித்துக்கொள்ள உடம்பு பழகிவிடும். கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டுங்கள்.

நம் ஊரில் சாமியே திடுதிப்பென்று படுப்பதில்லை. மீனாட்சி கோயிலில் தினமும் ராத்திரி பள்ளியறை பூஜை பார்த்திருப்பீர்கள். சொக்கநாதர் பாதுகையாகப் பல்லக்கில் ஏறி, மேளத்தோடு தன் சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குப் போய்ச் சேர்ந்து, தீபாராதனை ஆன பிறகுதான் நடை சாத்துகிறார்கள். நீங்களோ பத்து ஐம்பது வரை விடைத்தாள் திருத்திவிட்டு, சிவப்பு மசி கையோடு பதினொரு மணிக்குத் தூக்கம் வா என்கிறீர்கள். திருத்தலைப் பத்து மணிக்கு மூடுங்கள். பிள்ளைகள் ஒருநாள் தாமதமாக மார்க் தெரிந்துகொண்டால் குடி முழுகாது.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படி மூன்று மாதம் போனால் அது நாள்பட்ட தூக்கமின்மை, டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சையைக் கொடுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2016-இலேயே பரிந்துரைத்துவிட்டது. தியானம் தாராளமாகப் பழகுங்கள், எதுவானாலும் சரி. தூங்குவதற்காகப் பழகாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, நீங்கள் வேடிக்கையாக எழுதிய ஒன்று. கணவரின் குறட்டை நடுநடுவே சட்டென்று நின்று, அமைதியாகி, மறுபடி தொடங்குகிறது என்கிறீர்கள். அது வரமும் இல்லை, நல்ல தூக்கமும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு மூச்சு நின்றுபோயிருக்கலாம். பத்து வினாடிக்கு மேல் நின்று, திணறி, மூச்சு திரும்பும் நோய் ஒன்று உண்டு. ரத்த அழுத்தம், பகலில் அசதி, வண்டி ஓட்டும்போது கண் அயர்வது எல்லாம் அதோடு சேர்ந்து வரும். விழித்திருக்கும் ராத்திரி ஒன்றில் அவர் குறட்டையைப் பதிவு செய்து, அவரையும் கூட்டிக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ இந்த வாரமே போங்கள். நான் குறட்டையே விடுவதில்லை என்றுதான் சொல்வார். போட்டுக் காட்டுங்கள்.