டோபோஷீட்டைக் கணினியில் ஏற்றும் வேலை: மகளை அனுப்பலாமா?

மானாமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.எஸ்சி. புவியியல் இறுதியாண்டு. ஒரு பயிற்சி மையம் ‘மேப் டிஜிட்டைசிங்’, அதாவது அச்சிட்ட வரைபடத்தைக் கணினித் தரவாக மாற்றுவது என்று மூன்று மாத வகுப்பு நடத்துகிறதாம். கட்டணம் அறுபதாயிரம், முடித்ததும் வேலை உறுதி என்கிறார்களாம். நகையை அடகு வைத்துக் கட்டுவதா, பேசாமல் பி.எட்.டில் சேர்த்துவிடுவதா என்று குழம்பியிருக்கிறார்.

ஐயா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். துறை நல்ல துறைதான். அந்தக் கட்டணம்தான் தேவையில்லாதது. அந்த மூன்று மாதத்தில் அவர்கள் சொல்லித்தருவது பெரும்பாலும் மவுஸைப் பிடித்துக் கோட்டின் மேல் கோடு வரைவது. அதை உங்கள் மகள் வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல், ஒரு மாதத்தில் பழகிவிடலாம். அதற்கு மேல் தெரியவேண்டியது நிறைய இருக்கிறது. சம்பளம் அதற்குத்தான் கிடைக்கிறது.

வேலை என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கியது. அவர்கள் அச்சிட்ட நிலத்தோற்ற வரைபடத் தாள்களைத்தான் டோபோஷீட் என்கிறோம். அதிகம் புழங்குவது 1:50,000 அளவுத்திட்டத் தாள். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். ஒரு தாளுக்குள் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீள அகலமுள்ள நிலப்பரப்பு அடங்கும். பழைய எண் முறையில் உங்கள் மானாமதுரை 58 கே/6 தாளில் வரும். ஊரைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச தூரம் போனாலே அடுத்த தாளான 58 கே/10 தொடங்கிவிடும்.

தாளில் ஊர், சாலை, ஆறு, கண்மாய், காடு, மேடு பள்ளம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ‘இந்தத் தாலுகாவில் பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் எத்தனை?’ என்று தாளிடம் கேட்க முடியாது. அதையே கணினித் தரவாக மாற்றிவிட்டால் ஒரு நொடியில் பதில் வரும். பழைய தாளில் இருக்கும் கண்மாயின் எல்லையை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியும். ஆக்கிரமிப்பு வழக்கு, வெள்ளத் தடுப்பு, புதுச் சாலைக்கான வழி என்று இதற்குத் தேவை வந்துகொண்டே இருக்கிறது.

மாற்றும் வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. மடித்து வைத்த பழைய தாள் மடிப்பில் சற்று இழுபட்டிருக்கும். ஈரத்தில் உப்பியிருக்கும், வெயிலில் சுருங்கியிருக்கும். ஸ்கேன் செய்த படம் கணினிக்கு வெறும் போட்டோ. அது பூமியில் எந்த இடம் என்று சொல்லித்தர வேண்டும். 1:50,000 தாளில் 5 நிமிட இடைவெளியில் அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் ஓடும். அவை வெட்டிக்கொள்ளும் இடங்கள் ஓரங்களையும் சேர்த்து 16. ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்து அதன் ஆயத்தொலைவைக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ஜியோரெஃபரன்ஸிங்.

இங்கேதான் அரைகுறையாகப் படித்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கு மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. நம் கைபேசி ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எண்களை அப்படியே அடித்தால் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. பிழைக் கணக்கும் அழகாகக் குறைந்தே காட்டும். ஆனால் நம் பக்கத்தில் ஊர் முழுவதும் நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்துப் பார்க்கும்போது வைகைப் பாலம் ஆற்றை விட்டுத் தள்ளி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைப் பார்த்த உடனே சொல்லத் தெரிந்தவர்தான் எந்த நிறுவனத்துக்கும் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கோடு வரைவது. கிணறு புள்ளி, சாலை கோடு, கண்மாய் பலகோணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காக வரைய வேண்டும். கோட்டோடு அதன் விவரத்தையும் சேர்க்க வேண்டும். சமஉயரக் கோடுகளில் இது ரொம்ப முக்கியம். இந்தத் தாள்களில் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒரு கோடு. 120 என்று அடிக்க வேண்டிய இடத்தில் கை தவறி 220 என்று அடித்துவிட்டால் சமவெளியில் திடீரென்று ஒரு குன்று முளைக்கும். அந்தத் தரவை வைத்து வெள்ளம் போகும் பாதையைக் கணக்கிட்டால் தண்ணீர் அந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டு போகும். சிவகங்கைத் தாளில் சமஉயரக் கோடுகள் குறைவு, கண்மாய்கள் ஏராளம். கொடைக்கானல் தாள் நேர்மாறு, கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். இரண்டுக்கும் ஒரே இலக்கு நிர்ணயிக்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

வரைந்தவற்றைச் சரிபார்ப்பது தனி வேலை. சாலை சந்திப்பைத் தொடாமல் நின்றிருக்கும், அல்லது தாண்டிப் போயிருக்கும். அடுத்தடுத்த இரண்டு பலகோணங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். 58 கே/6-இல் வரைந்த வைகை 58 கே/10-இல் சரியாகத் தொடர வேண்டும். இரண்டு தாள்களும் வெவ்வேறு ஆண்டுகளில் அளக்கப்பட்டிருந்தால் தொடராது. ஆற்றின் கரையே நகர்ந்திருக்கலாம். அப்போது எந்தத் தாளை நம்புவது, அந்த முடிவை எங்கே எழுதி வைப்பது என்பதெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டியவை.

‘இதையெல்லாம் இனி ஏஐ செய்துவிடாதா?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். கோடு இழுப்பதில் பெரும்பகுதியைச் செய்துவிடும், இப்போதே செய்கிறது. மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை: வரைய மட்டும் தெரிந்தவருக்கு இந்த வேலை அதிக காலம் ஓடாது.

ஆனால் நம் டோபோஷீட்டில் இயந்திரம் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். தண்ணீர் இருக்கும் நீர்நிலை நீல நிறம். வறண்ட ஓடை கறுப்பு. ரயில் பாதையும் கறுப்பு, எல்லைக்கோடும் கறுப்பு, எழுத்துகளும் கறுப்பு. வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் உங்கள் மாவட்டத்து ஓடைகள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்துப் பிரிக்கும் மென்பொருள் ஓடையையும் ஊர்ப்பெயரின் எழுத்தையும் ஒரே பையில் போட்டுவிடும். கண்மாய்க் கரையை ஒட்டி ‘3’ என்ற எண்ணும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் சேர்ந்து நிற்கும். கரை சுற்றியுள்ள தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் என்று அர்த்தம். அதைக் கடல்மட்டத்திலிருந்து உயரம் என்று எடுத்துக்கொண்டால் கதை கந்தல். உங்கள் மகள் கண்மாய்க் கரையில் நடந்து வளர்ந்தவர். மடை எங்கே இருக்கும், கலுங்கு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த வேலையில் அது சின்ன விஷயமே இல்லை.

அதனால் அவர் போய்ச் சேர வேண்டியது சரிபார்க்கும் இடத்துக்கும் பகுப்பாய்வு செய்யும் இடத்துக்கும்தான். டிஜிட்டைசிங் வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே நுழைய அது ஒரு வாசல். ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. அதற்குமேல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கண்ணும் முதுகும்தான் போகும்.

வேலை எங்கே இருக்கிறது? சென்னை, ஹைதராபாத் போன்ற நகரங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக வரைபடத் தரவு தயாரிக்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் குறைவு, சில இடங்களில் இரவுப்பணியும் உண்டு. குடிநீர், எரிவாயு, தொலைத்தொடர்பு, நெடுஞ்சாலைத் திட்டங்களைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் ஜிஐஎஸ் (வரைபடத் தரவைக் கணினியில் கையாளும் புவித்தகவல் அமைப்பு) தெரிந்தவர்கள் வேண்டும். அரசுத் துறைகளின் திட்டங்களில் ஒப்பந்த வேலை வரும், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களில் உதவியாளர் வேலை வரும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியிடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கையும் வந்தது. கிராமக் குடியிருப்புகளை ட்ரோனால் அளக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020-இலிருந்து நடக்கிறது. ஆக, பழைய தாளைத் தாண்டியும் வேலை பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

அரசு நில அளவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மேப் படித்தால் சர்வேயர் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். டிஎன்பிஎஸ்சி மூலம் வரும் நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு சிவில் டிப்ளமோ, ஐடிஐ சர்வேயர் அல்லது வரைவாளர் சான்றிதழ் போன்றவற்றைக் கேட்பது வழக்கம். அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பகுதியை மகளே உட்கார்ந்து வரிக்கு வரி படிக்கட்டும். மாநில நில அளவைத் துறையின் புலப்படங்களை (எஃப்எம்பி) கணினியில் ஏற்றும் முறையும் வேறு. அங்கே படத்தின் மேல் கோடு வரைவதில்லை. அளவுகளை எண்ணாகக் கொடுத்து, அதிலிருந்து புலத்தை உருவாக்குகிறார்கள். டோபோஷீட்டையும் எஃப்எம்பியையும் ஒன்றாகப் போட்டு விளம்பரம் செய்யும் மையத்துக்கு இரண்டும் தெரியாது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மேற்படிப்பு என்றால் எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் அல்லது தொலையுணர்வு (செயற்கைக்கோள் போன்றவற்றின் படங்களிலிருந்து நிலத்தை அறிவது) சார்ந்த முதுநிலைப் படிப்பு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது.  திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் தொலையுணர்வுத் துறை உண்டு. புவியியல் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள். இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) இணையவழியில் இலவசக் குறும்படிப்புகள் நடத்துகிறது, சான்றிதழும் தருகிறது. அறுபதாயிரம் கட்டும் முன் அதில் ஒன்றையாவது முடித்துப் பார்க்கட்டும்.

பி.எட். பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மகளுக்கு ஆசை இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ‘பாதுகாப்புக்கு ஒன்று கையில் இருக்கட்டும்’ என்பதற்காக மட்டும் என்றால் அவசரம் வேண்டாம். பிறகும் படிக்கலாம்.

சரி, இப்போதைக்கு வீட்டில் என்ன செய்யலாம்? 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். கியூஜிஐஎஸ் இந்த வரைபட வேலைக்கான இலவச மென்பொருள். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் பொதுப் பயன்பாட்டுக்கான 1:50,000 தாள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இவை டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையிலேயே இருப்பதால் தொடக்கத்துக்கு எளிது. பழைய தாளில் கைபழக ஆசைப்பட்டால், அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட 1:2,50,000 இந்தியத் தாள்களை டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, எங்கிருந்து வந்தது என்று தெரியாத டோபோஷீட் மட்டும் வேண்டாம். தடைசெய்யப்பட்ட தாள்களும் உண்டு.

உங்கள் ஊரைச் சுற்றி இருபது கண்மாயை வரையட்டும். பெயர், பரப்பு எல்லாம் சேர்க்கட்டும். இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தெரியும் இரண்டு மூன்று இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துவரட்டும். நீங்களும் கூடப் போங்கள், பழைய கரை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். எந்தத் தாள், எந்த ஆண்டு, பிழை எவ்வளவு, எங்கே சந்தேகம் என்று நான்கு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் நேர்காணலில் மையத்தின் சான்றிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம். இது கைக்கு வந்தபின் நிரல் எழுத பைத்தான் கொஞ்சம், தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் கொஞ்சம். இரண்டும் தெரிந்த புவியியல் பட்டதாரி இன்னும் அரிதுதான்.

அப்புறம், அந்த ‘வேலை உறுதி’. மையத்துக்கு நேரில் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். வேலை கொடுக்கப்போகும் நிறுவனத்தின் பெயரை எழுத்தில் தருவார்களா? போன முறை முடித்தவர்களில் இரண்டு பேரிடம் நீங்கள் பேசலாமா? ஆறு மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? இதற்கு நேரான பதில் வராமல் டீ வந்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நிறுவனமே நேரடியாக வேலை தந்தாலும், இரண்டு ஆண்டு பாண்ட் என்றோ அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வையுங்கள் என்றோ சொன்னால் கையெழுத்துப் போட வேண்டாம். நகலைக் கொடுத்துவிட்டு, அசலைச் சரிபார்த்ததும் அங்கேயே கையோடு வாங்கி வந்துவிடச் சொல்லுங்கள்.