வேட்பாளரின் மனைவி: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

கேள்வி: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேட்பாளரின் மனைவியைப் பற்றித்தான் பேச்சு. அவர் பெயரில் உள்ள நிலம், நகை, அவருடைய முதல் திருமணம் எல்லாம் சுற்றி வருகின்றன. ‘ஓட்டுப் போடுகிறவனுக்கு எல்லாம் தெரியணும்’ என்கிறார்கள். ‘தேர்தலில் நிற்பது அந்தம்மா இல்லையே’ என்கிறார் என் கணவர். எது சரி?
- வாசகி, தென்காசி

பதில்: நிலத்தையும் நகையையும் தாராளமாகப் பாருங்கள். முதல் திருமணத்தை விட்டுவிடுங்கள்.

இது வெறும் நாகரிகம் பார்த்துச் சொல்வதல்ல. வேட்பாளர் தன் சொத்தோடு கணவன் அல்லது மனைவியின் சொத்தையும் சொல்ல வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி பெயரில் எழுதிவைப்பது நம் ஊரில் புதிதா என்ன? 2018இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தது. ஆனால் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26, துணைவரின் படிப்பையோ அவர் மீதுள்ள வழக்குகளையோ கேட்பதில்லை. தலைவர்கள், தொண்டர்களின் பொதுவாழ்வோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளும் கட்சிகளுக்குச் சொல்கின்றன.

குழுவில் வருவதை நம்பாமல் பிரமாணப் பத்திரத்தையே எடுத்துப் படியுங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் தொகுதி, பெயர் கொடுத்தால் கிடைக்கும். அவர் முன்பும் நின்றிருந்தால் பழையதையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் பெரிதாக எதுவும் பிடிபடாது.

நகையில் மதிப்பை ஒப்பிடாதீர்கள், எடையைப் பாருங்கள். எடை அப்படியே இருந்து மதிப்பு மட்டும் இரட்டித்திருந்தால் அது தங்கத்தின் விலையேற்றம். நிலத்துக்கும் இதே கதைதான்: சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, பரம்பரைச் சொத்தா சுயமாகச் சம்பாதித்ததா என்பதெல்லாம் இருக்கும். பழைய பிரமாணப் பத்திரத்தில் இல்லாத சர்வே எண் புதிதாக வந்திருந்தால் அங்கே நிறுத்திப் படியுங்கள். கணவருக்கு மனைவி கடன் கொடுத்ததாக இருந்தால், அதே தொகை கணவரின் கடன் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு. பலர் தவறுவது இங்கேதான். தொழில் ‘இல்லத்தரசி’, ஆண்டு வருமானம் சில லட்சம், சொத்து பல கோடி என்றதும் திருட்டுப் பணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணவர் இலவசமாக எழுதிக்கொடுத்த சொத்தில் வரும் வருமானம், வரிச் சட்டப்படி கணவரின் கணக்கில்தான் சேரும். அதனால் மனைவியின் கணக்கு மெலிந்து தெரியலாம். தாய்வீட்டுச் சொத்தாகவும் இருக்கலாம்.

என் கணிப்பில் படிவத்திலேயே முக்கியமான இடம், அரசு ஒப்பந்தங்களைக் கேட்கும் பகுதி. துணைவரின் பெயரிலும், அவருக்குப் பங்குள்ள நிறுவனங்களின் பெயரிலும் உள்ள ஒப்பந்தங்களை அங்கே எழுத வேண்டும். மனைவியின் ஒப்பந்தத்தால் வேட்பாளர் தகுதி இழப்பதில்லை. ஆனால் ஜெயித்தபின் அந்த பில் யார் மேசைக்குப் போகும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. (மனைவி தலைவராக இருக்க, கணவர் நாற்காலியில் உட்காரும் ஊராட்சிகளில் சொத்தோடு நிறுத்த வேண்டியதில்லை; அந்தக் கணவர் செய்யும் அலுவல் முழுவதும் பொது விஷயம்தான்.)

எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக் கூடாது என்று 2013 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ‘இல்லை’, ‘பொருந்தாது’, ‘தெரியாது’ என்று ஏதாவது எழுதியாக வேண்டும். 2012 குஜராத் தேர்தலில் மனைவி பற்றிய கட்டத்தை வெற்றாக விட்ட நரேந்திர மோடி, 2014இல் வதோதராவில் மனைவியின் பெயரை எழுதினார். மனைவியின் சொத்து பற்றித் தகவல் இல்லை என்றார்.

ஏதாவது விடுபட்டிருந்தாலே தேர்தல் செல்லாது என்றும் நினைக்க வேண்டாம். அருணாச்சலப் பிரதேசம் தேசு தொகுதியில் 2019இல் ஜெயித்தவர், மனைவி, மகன் பெயரில் பதிவாகியிருந்த வண்டிகளைக் குறிப்பிடவில்லை என்று உயர் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: வண்டிகள் ஏற்கெனவே கைமாறியவை, ஒவ்வொரு பொருளையும் எழுத வேண்டியதில்லை, மதிப்பு பெரிதாக இருந்தால்தான் கேள்வி.

பெரிதாகவே ஏதாவது மறைக்கப்பட்டிருந்தால், ஆதாரத்தோடு எதிர்ப் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுங்கள்; அதையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பொய் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வெற்றியை எதிர்க்க, முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். அந்தத் தொகுதி வாக்காளர் என்ற முறையில் நீங்களே போடலாம்.